வாசகர் கேள்விகள்: பஸ்ஸில் தொடங்கிய சங்கம்

சென்ற இதழில், அமெரிக்காவில் குடியேறிகளுக்கும் கூலிவேலை செய்யும் குடும்பங்களுக்கும் நடுவே இயங்கும் சமூக அமைப்புகளைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த அமைப்புகளின் தலைவர்களைப் பற்றித்தான். யார் இவர்கள், எங்கிருந்து வருகிறார்கள், சம்பளம் வாங்குகிறார்களா, நாமும் போகலாமா என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே.

கேள்வி: எங்கள் ஊரில் குடியேறிகளுக்கான அமைப்பு ஒன்று இருக்கிறது. அதன் தலைவி ஒரு லாண்டரியில் துணி மடிக்கிறவர். ஆங்கிலம் சரளமாக வராது. படித்த வக்கீல் ஒருவர் முன்னால் நின்றால் இன்னும் நன்றாக இருக்காதா?
(வாசகர், நியூ ஜெர்சி)

பதில்: வக்கீல் கட்டாயம் வேண்டும். அவருக்குப் பக்கத்து நாற்காலியைக் கொடுங்கள், அந்தப் பெண்ணின் நாற்காலியைக் கொடுக்காதீர்கள்.

இந்த அமைப்புகளில் இரண்டு தனித்தனி வேலைகள் உண்டு. நாம் இரண்டையும் ஒருவர் தலையிலேயே கட்டிப் பழகிவிட்டதால் குழம்புகிறோம். ஒருவர் அமைப்பாளர். சம்பளத்துக்கு முழுநேரம் வேலை செய்பவர். வீடு வீடாகப் போய் ஆட்களைத் தேடுவது, பேச வைப்பது, கூட்டம் கூட்டுவது, கூட்டம் முடிந்த பிறகு எது சரியாக நடந்தது எது சொதப்பியது என்று உட்கார வைத்துப் பேசுவது எல்லாம் அவர் பொறுப்பு. இன்னொருவர் தலைவர். பிரச்சினை யாருடையதோ அவர்களுக்குள்ளிருந்தே வருபவர். மேயருக்கு எதிரில் உட்கார்ந்து பேச வேண்டியவர் இவர்தான்.

1974-ல் டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில் எர்னஸ்டோ கோர்ட்டெஸ் என்ற அமைப்பாளர் ‘காப்ஸ்’ என்ற அமைப்பைக் கட்டினார். நகரத்தின் மேற்குப் பகுதியில் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள். மழை பெய்தால் தெருவே ஆறாகி வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிடும், வடிகால் கட்டித் தருகிறோம் என்ற வாக்குறுதி பல வருடமாகக் காகிதத்திலேயே கிடந்தது. கோர்ட்டெஸ் அரசியல் புள்ளிகளைத் தேடிப் போகவில்லை. தேவாலயத் திருவிழாவை யார் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிறார்கள், பள்ளிப் பெற்றோர் சங்கத்தில் யார் சொன்னால் நாலு பேர் கேட்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு போனார். அப்படிக் கிடைத்தவர்களில் நிறையப் பேர் பெண்கள். 1975-ல் அவர்கள் கூட்டமாக நகரின் பெரிய வங்கி ஒன்றுக்குப் போய், டாலரைக் கொடுத்துச் சில்லறைக் காசு வாங்கி, திரும்ப வரிசையில் நின்று அந்தக் காசைக் கொடுத்து டாலர் வாங்கி, மறுபடி சில்லறை கேட்டு, இப்படியே நின்றார்கள். சட்டப்படி ஒரு தப்பும் இல்லை, ஆனால் வங்கியில் வேறு வேலை ஓடவில்லை. நகராட்சியை ஆட்டிவைத்த பெருவணிகர்களைப் பேச்சுக்கு இழுக்கத்தான் அவ்வளவும். வடிகால்கள் வந்தன. இந்த மரபில் வந்த அமைப்பாளர்கள் இரும்பு விதி என்று ஒன்றைச் சொல்வார்கள்: மக்கள் தாங்களே செய்துகொள்ள முடிந்ததை அவர்களுக்காக நீ செய்யாதே.

நான் ஒரு குளிர்காலத்தில் இப்படி ஒரு அமைப்புக்கு மொழிபெயர்க்கப் போயிருந்தேன். வாடகை அடுக்ககம் ஒன்றில் சுவரெல்லாம் ஈரம், பூஞ்சை, குழந்தைகளுக்கு இருமல். நகர அதிகாரி ஒருவரைச் சந்திக்க வேண்டும், பேசப்போவது அங்கே குடியிருந்த ஒரு அம்மா. தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் மூன்று முறை ஒத்திகை பார்த்தோம். முதல் முறை கையிலிருந்த தாள் நடுங்கிய சத்தம் எனக்கே கேட்டது. அமைப்பாளர் அதிகாரியாக நடித்து வேண்டுமென்றே பேச்சை வேறு பக்கம் திருப்பிக்கொண்டே இருந்தார், இந்த அம்மா ஒவ்வொரு முறையும் வழிதவறிப் போய் அழாத குறை. மூன்றாவது முறை தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டார். சந்திப்பு நாளன்று, கைப்பையிலிருந்து ஒரு ஜிப்லாக் பையை எடுத்து மேஜைமேல் வைத்தார். உள்ளே மகளின் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரிலிருந்து உதிர்ந்த ஈரக் காரை, ஒரு பக்கம் கறுப்பாக. அதிகாரி நிதி நிலைமையைப் பற்றி நீளமாக ஆரம்பித்ததும், “எந்தத் தேதி சார்?” என்று கேட்டார். அவர் மறுபடி ஏதோ சொல்ல, மறுபடியும் அதே கேள்வி. நான்காவது தடவை தேதி வந்தது. அந்த அறையில் எங்களோடு வக்கீலும் இருந்தார், தேதியைக் குறித்துக்கொண்டது அவர்தான்.

கேள்வி: இந்த முறையை முதலில் கொண்டுவந்தவர் யார்?
(வாசகி, சிகாகோ)

பதில்: உங்கள் ஊர்க்காரர்தான், சால் அலின்ஸ்கி. இறைச்சித் தொழிற்சாலைகளை ஒட்டிய ‘பேக் ஆஃப் தி யார்ட்ஸ்’ பகுதியில் 1939-ல் தொடங்கினார். போலந்து, லிதுவேனியா, அயர்லாந்து, மெக்சிகோ என்று பல நாடுகளிலிருந்து வந்த தொழிலாளிகள் அங்கே இருந்தார்கள். ஆளுக்கொரு தேவாலயம், ஒருவருக்கொருவர் ஆகாது. அந்தத் தேவாலயங்களையும் தொழிற்சங்கத்தையும் ஒரே அவையில் உட்கார வைத்ததுதான் அவர் செய்த காரியம். அடுத்த வருடம் ‘இண்டஸ்ட்ரியல் ஏரியாஸ் ஃபவுண்டேஷன்’ என்ற தாய் அமைப்பு வந்தது. மேலே சொன்ன கோர்ட்டெஸ் அதில் பயிற்சி பெற்றவர். பராக் ஒபாமாவும் 1985-லிருந்து மூன்று வருடம் சிகாகோவின் தென்பகுதியில் சமூக அமைப்பாளராக இருந்தவர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அலின்ஸ்கியைவிட நான் அதிகம் மதிப்பது அவரோடு வேலை செய்த ஃபிரெட் ராஸை. கலிபோர்னியாவில் மெக்சிகோ வம்சாவளி மக்களிடம் போய் வீட்டுக்கூட்டம் என்ற முறையை ஊன்றியவர். மண்டபம் எதுவும் கிடையாது. ஒரு வீட்டின் முன்னறையில் அக்கம்பக்கத்தார் கொஞ்சம் பேர், வந்தவர்களில் இரண்டு மூன்று பேர் அடுத்த வாரம் தங்கள் வீட்டில் அதே மாதிரி நடத்த ஒப்புக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். 1952-ல் சான் ஹோசேயில் ‘சால் சி புவேடெஸ்’ என்று அழைக்கப்பட்ட ஒரு சேரியில் இப்படித்தான், பின்னாளில் விவசாயத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டிய சீசர் சாவேஸைக் கண்டுபிடித்தார். அந்தப் பெயருக்கு ஸ்பானிஷ் மொழியில் ‘முடிந்தால் வெளியேறிப் பார்’ என்று பொருள்.

கேள்வி: திராட்சைத் தொழிலாளர் போராட்டத்தில் சாவேஸ் காந்தி வழியில் உண்ணாவிரதம் இருந்தாராமே? அவர் ஒருவர் இல்லாவிட்டால் அந்தப் போராட்டமே இல்லை என்று சொல்லலாமா?
(வாசகர், டல்லாஸ்)

பதில்: உண்ணாவிரதம் உண்மை, 1968-ல் 25 நாள். இரண்டாவது கேள்விக்கு இல்லை என்றுதான் சொல்வேன், கொஞ்சம் அழுத்தமாகவே சொல்வேன்.

அந்த வேலைநிறுத்தத்தைத் தொடங்கியவர்கள் ஃபிலிப்பைன்ஸிலிருந்து வந்த தொழிலாளிகள். 1965 செப்டம்பர் 8, கலிபோர்னியாவின் டெலானோ நகரம். தலைமை தாங்கியவர் லாரி இட்லியோங். மணிக்கு 1.40 டாலர் கூலி கேட்டார்கள். அதுவரை தோட்ட முதலாளிகளுக்கு ஒரு வசதி இருந்தது: ஃபிலிப்பைன்ஸ்காரர்கள் வேலையை நிறுத்தினால் மெக்சிகோக்காரர்களைக் கூப்பிடுவது, மெக்சிகோக்காரர்கள் நிறுத்தினால் இவர்களைக் கூப்பிடுவது. இட்லியோங் நேராகச் சாவேஸிடமும் அவரோடு சேர்ந்து சங்கம் தொடங்கிய டோலரஸ் ஹுவெர்ட்டாவிடமும் போய், வாருங்கள் சேர்ந்து நிற்போம் என்று கேட்டார். அவர்களோ தங்கள் சங்கம் இன்னும் தயாராகவில்லை என்று நினைத்திருந்தவர்கள். ஆனாலும் எட்டே நாளில், செப்டம்பர் 16 அன்று, தேவாலயத்தில் கூடிச் சேர முடிவெடுத்தார்கள். 1970-ல் ஒப்பந்தம் கிடைக்க ஐந்து வருடம் ஆனது. அடுத்த வருடமே இட்லியோங் சங்கத்தை விட்டு விலகினார், வயதான ஃபிலிப்பைன்ஸ் தொழிலாளிகளின் குரல் அங்கே எடுபடவில்லை என்ற வருத்தம் அவருக்கு. பாடப்புத்தகங்களில் அவர் பெயர் வர அரை நூற்றாண்டு ஆகிவிட்டது.

ஒப்பந்தங்களைப் பேசி முடித்ததில் ஹுவெர்ட்டாவுக்குப் பெரிய பங்கு உண்டு. பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்த வேலை செய்தவர். ‘சி, சே புவேடே’, அதாவது ‘முடியும், நம்மால் முடியும்’ என்று இன்றும் ஊர்வலங்களில் கேட்கும் கோஷம் 1972-ல் அவர் வாயிலிருந்து வந்தது. மேலே சொன்ன சேரியின் பெயரையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை மறைப்பது உங்களுக்கு நல்லதில்லை. 1970-களின் பிற்பகுதியில் சாவேஸ் பழைய தோழர்கள் பலரைச் சந்தேகப்பட்டு வெளியேற்றினார். எதிர்த்துப் பேசியவர்களுக்கு இடம் இல்லாமல் போனது, அனுபவமுள்ள அமைப்பாளர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள், சங்கம் சுருங்கியது. எல்லா முடிவும் ஒருவர் கையில் இருந்தால் அவர் தடுமாறும்போது பிடித்து நிறுத்த யாரும் இருப்பதில்லை.

கேள்வி: என் அப்பா குவீன்ஸில் 22 வருடம் டாக்சி ஓட்டினார். பைரவி தேசாய் என்ற பெயரை வீட்டில் மரியாதையோடு சொல்வார். அவர் டாக்சி ஓட்டியவரே இல்லையாமே, எப்படித் தலைவரானார்?
(வாசகி, நியூயார்க்)

பதில்: உங்கள் அப்பாவிடமே கேட்டு எழுதி அனுப்புங்கள், நாங்கள் இதழில் போடுகிறோம். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

குஜராத்தில் பிறந்து சின்ன வயதில் நியூ ஜெர்சிக்கு வந்தவர் பைரவி. 1990-களில், இருபதுகளின் தொடக்கத்தில், டிரைவர்கள் காத்திருக்கும் இடங்களுக்கெல்லாம் போய்ப் பேச ஆரம்பித்தார்: விமான நிலைய வரிசை, கராஜ், இரவில் சாப்பிடும் கடைகள். பஞ்சாபி, வங்காளி, பாகிஸ்தானி, ஹைட்டி, ஆப்பிரிக்கர் என்று எத்தனையோ மொழி பேசும் ஆண்கள், நடுவில் ஒரு இளம்பெண். அவர் செய்தது, திரும்பத் திரும்பப் போனது. போன வாரம் சொன்ன அபராதச் சீட்டு என்ன ஆச்சு என்று இந்த வாரம் நினைவு வைத்துக் கேட்பவரை யாரும் லேசில் விட்டுவிட மாட்டார்கள். 1998-ல் நியூயார்க் டாக்சி தொழிலாளர் கூட்டணி உருவானது, அந்த மே மாதமே புதிய விதிகளை எதிர்த்து நகரத்தின் மஞ்சள் டாக்சிகளில் பெரும்பாலானவை ஒரு நாள் ஓடவில்லை.

2021-ல் நடந்ததுதான் எனக்கு மறக்க முடியாதது. நியூயார்க்கில் சொந்தமாக மஞ்சள் டாக்சி ஓட்ட ‘மெடாலியன்’ என்ற உரிமம் வேண்டும். 2014 வாக்கில் அதன் விலை பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. கடன் வாங்கி வாங்கினார்கள், அப்புறம் செயலி வழி கார்கள் வந்து அதன் மதிப்பு சரிந்தது, கடன் மட்டும் அப்படியே நின்றது. 2018-ல் சில டிரைவர்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். நகர நிர்வாகம் முதலில் ஒரு உதவித் திட்டம் அறிவித்தபோது, இது போதாது என்று கூட்டணி சொல்லிவிட்டு நகராட்சி மாளிகைக்கு வெளியே இரவும் பகலும் உட்கார்ந்தது. அக்டோபர் 20 அன்று உண்ணாவிரதம் தொடங்கியது. உண்ணாவிரதம் இருந்தவர்களில் வயதான டிரைவர்களும் இருந்தார்கள், பைரவியும் இருந்தார், அப்போது மாநிலச் சட்டமன்ற உறுப்பினராக இருந்த சோஹ்ரான் மம்தானியும் இருந்தார். 15 நாள். நவம்பர் 3 அன்று உடன்பாடு வந்தது: கடன் 1,70,000 டாலராகக் குறைக்கப்படும், அதற்கு நகரம் பிணை நிற்கும், மாதத் தவணை 1,122 டாலருக்கு மேல் போகாது. வீட்டை அடமானம் வைத்தவர்களுக்கு இந்த எண்ணின் அருமை தெரியும்.

டாக்சி ஓட்டாதவர் தலைவராகலாமா என்று கேட்டீர்கள். முதல் பதிலில் சொன்ன அமைப்பாளர், தலைவர் என்ற கோடு வாழ்க்கையில் இப்படிச் சில சமயம் அழிந்துபோகும். ஆனால் பேச்சுவார்த்தையில் எந்த எண்ணை ஏற்பது என்பதை, அதைக் கட்டப்போகிற டிரைவர்களைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். அதில் நழுவாதவரை டாக்சி ஓட்டினாரா இல்லையா என்பது பெரிய விஷயம் இல்லை.

கேள்வி: நான் ஒரு வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்கிறேன். ஃபாக்டரி என்றால் எல்லாரும் ஒரே இடத்தில் இருப்பார்கள். எங்களை மாதிரி ஆளுக்கொரு வீட்டில் அடைந்து கிடப்பவர்கள் எப்படி ஒன்று சேர்வது?
(வாசகி, வர்ஜீனியா)

பதில்: அம்மா, இதே கேள்வியை அட்லாண்டாவில் டோரத்தி போல்டன் என்ற கறுப்பினப் பெண் கேட்டுக்கொண்டார். சிறுவயதிலிருந்தே வீட்டு வேலை செய்தவர். வீடுகள்தான் தனித்தனி, பஸ் ஒன்றுதானே! காலையில் வேலைக்குப் போகும் பெண்களும் சாயங்காலம் அலுத்துத் திரும்பும் பெண்களும் ஒரே பஸ்ஸில்தான் வருகிறார்கள். நகரத்தின் பஸ் தடங்களில் ஏறி இறங்கி, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் உனக்கு எவ்வளவு தருகிறார்கள், எத்தனை மணிக்கு விடுகிறார்கள் என்று பேச்சுக் கொடுத்தே 1968-ல் வீட்டுப் பணியாளர் சங்கத்தைத் தொடங்கிவிட்டார். சேர்பவர்கள் வாக்காளராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பது அவர் வைத்த நிபந்தனை. எவ்வளவு தெளிவு பாருங்கள்.

சங்கம் வைக்கும் உரிமையைக் காக்கும் 1935-ஆம் வருடக் கூட்டாட்சிச் சட்டம் வீட்டுப் பணியாளர்களையும் விவசாயக் கூலிகளையும் வேண்டுமென்றே வெளியே விட்டுவிட்டது. அன்று கறுப்பினத் தொழிலாளிகளில் பெரும்பங்கினர் இந்த இரண்டு வேலைகளில்தான் இருந்தார்கள். அந்த ஓட்டையை அடைக்கத்தான் இத்தனை வருடப் போராட்டம். நியூயார்க்கில் 2000-ல் தொடங்கிய ‘டொமஸ்டிக் ஒர்க்கர்ஸ் யுனைடெட்’ அமைப்பினர், அய்-ஜென் பூ உட்பட, பூங்காக்களில் குழந்தைகளைக் கூட்டிவரும் ஆயாக்களிடம் போய்ப் பேசினார்கள். கரீபியன், ஃபிலிப்பைன்ஸ், லத்தீன் அமெரிக்கா, தெற்காசியா என்று பல ஊர்ப் பெண்கள். மாநிலத் தலைநகர் ஆல்பனிக்குத் திரும்பத் திரும்பப் பஸ் பிடித்துப் போய்த் தங்கள் கதையைத் தாங்களே சொன்னார்கள். 2010-ல் சட்டம் வந்தது: ஓவர்டைம் ஊதியம், வாரம் ஒரு நாள் ஓய்வு, ஒரு வருடம் முடிந்தால் மூன்று நாள் சம்பளத்தோடு விடுப்பு. மூன்று நாள்தானா என்று தோன்றும். அதற்கே ஆறு வருடம் ஆனது.

உங்கள் பகுதிப் பூங்காவில் பத்தரை மணிக்கு யார் யார் ஊஞ்சல் பக்கம் நிற்கிறார்கள் என்று உங்களுக்குத்தான் தெரியும். அங்கே ஆரம்பியுங்கள்.

கேள்வி: கணவர் எச்-1பி விசாவில் இருக்கிறார். இப்படிக் கூட்டங்களுக்குப் போனால் ஆபத்தா?
(பெயர் வேண்டாம் என்ற வாசகி)

பதில்: பயப்படுவதில் தப்பே இல்லை, அதற்காக உங்களை யாரும் குறைத்துப் பேசக்கூடாது. நல்ல அமைப்பு இதை முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடும். யார் கேமரா முன் வரலாம், யார் வரக்கூடாது, யார் பெயரைத் தாளில் எழுதவே வேண்டாம் என்று பிரித்துக்கொள்வார்கள். கைதாகும் வாய்ப்புள்ள மறியல்களில் விசாவில் இருப்பவர்களும் ஆவணம் இல்லாதவர்களும் முன்னே நிற்க வேண்டாம். கைது என்பது குடியுரிமை உள்ளவருக்கு ஒரு ராத்திரி, உங்களுக்கு அப்படி இல்லை. சமைப்பது, குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது, மொழிபெயர்ப்பது, போன் செய்வது எல்லாமே அமைப்பு வேலைதான். போவதற்கு முன்னால் குடியேற்றச் சட்டம் தெரிந்த வக்கீலிடம் உங்கள் நிலைமையைச் சொல்லி ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். செய்த வேலைக்குக் குறைந்தபட்ச ஊதியம் தர வேண்டும் என்ற கூட்டாட்சிச் சட்டம் ஆவணம் இல்லாதவருக்கும் சேர்த்துத்தான். நான் மேலே சொன்ன 1935 சட்டம் பொருந்தும் வேலைகளில், சங்கம் இல்லாவிட்டாலும்கூட இரண்டு பேர் சேர்ந்து சம்பளத்தைப் பற்றிக் கேட்டதற்காக வேலையை விட்டு நீக்குவது சட்டவிரோதம்.

கேள்வி: பணம் எங்கிருந்து வருகிறது? தலைவர்கள் சம்பளம் வாங்குகிறார்களா?
(வாசகர், ஹியூஸ்டன்)

பதில்: முழுநேர ஊழியர்கள் வாங்குகிறார்கள், வாங்கத்தான் வேண்டும். அறக்கட்டளைகளின் நிதி, தனியார் நன்கொடை, உறுப்பினர் சந்தா மூன்றும் கலந்து வரும். வரிவிலக்கு பெற்ற தொண்டு அமைப்பாக இருந்தால் தேர்தலில் எந்த வேட்பாளருக்கும் ஆதரவு கேட்க முடியாது. சந்தாவை நான் பெரிதாக நினைக்கிறேன். சாவேஸும் ஹுவெர்ட்டாவும் 1962-ல் தொடங்கிய சங்கத்தில் குடும்பத்துக்கு மாதம் 3.50 டாலர் சந்தா, வயல் கூலி வாங்கும் ஏழைகளிடம். கேட்கவே கூசும் தொகை. ஆனால் பணம் கட்டியவர் கணக்குக் கேட்பார், கணக்குக் கேட்பவர் கூட்டத்துக்கு வருவார்.

கேள்வி: அமெரிக்காவில் மட்டும்தானா? நம் பக்கம் யாரும் இல்லையா?
(வாசகர், பினாங்கு)

பதில்: உங்கள் நாட்டிலேயே ஐரீன் ஃபெர்னாண்டஸ் இருந்தாரே. பெண்களுக்காகவும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்காகவும் 1991-ல் தெனகாநீதா அமைப்பைத் தொடங்கினார். வெளிநாட்டுத் தொழிலாளர்கள் அடைக்கப்பட்ட தடுப்பு முகாம்களில் நடந்த கொடுமைகளை 1995-ல் அறிக்கையாக வெளியிட்டதற்காக, பொய்ச் செய்தி பரப்பியதாக அடுத்த வருடம் வழக்கு. 2003-ல் ஓராண்டு சிறைத் தண்டனை விதித்தார்கள், மேல்முறையீட்டில் 2008-ல் விடுதலை. பன்னிரண்டு வருடம் கோர்ட்டுக்கு நடந்தார், நடந்துகொண்டே வேலையும் செய்தார். 2014-ல் காலமானார்.

கேள்வி: எங்கள் சங்கத்தில் 18 வருடமாக ஒரே தலைவர். நல்லவர், உழைப்பாளி. மாற்றச் சொன்னால் மனம் நோகுமே?
(வாசகர், டொராண்டோ)

பதில்: நோகும். அவரிடம் இப்படிக் கேளுங்கள்: அண்ணா, நீங்கள் இரண்டு மாதம் ஊருக்குப் போனால் யார் யார் எந்த வேலையைப் பார்ப்பார்கள்? அவரால் நாலு பெயர் சொல்ல முடிந்தால் அவர் நல்ல தலைவர், அந்த நாலு பேரில் ஒருவருக்கு அடுத்த வருடம் பொறுப்பைக் கொடுக்க அவரே சம்மதிப்பார். ஒரு பெயரும் வரவில்லை என்றால், அவரைக் குறை சொல்லாமல், அடுத்த கூட்டத்தை நடத்தும் பொறுப்பை மட்டும் வேறு ஒருவருக்குக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் அடுக்ககத்தில் குளிர்காலத்தில் ஹீட்டர் சரியாக வேலை செய்வதில்லை, வாடகை மட்டும் ஏறுகிறது. எனக்கு ஏதாவது செய்ய ஆசை. எங்கிருந்து தொடங்குவது?
(வாசகி, எடிசன்)

பதில்: நோட்டீஸ் அடிக்காதீர்கள், வாட்ஸ்அப் குழு இப்போதைக்கு வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். இரண்டு வாரத்தில் பத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். உள்ளே கூப்பிட்டால் உட்காருங்கள், அரை மணி நேரம், முக்கால்வாசி நேரம் அவர்களைப் பேச விடுங்கள். ஹீட்டரைப் பற்றி நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம். இந்த வீட்டில் எது உங்களைத் தூங்க விடாமல் செய்கிறது என்று கேட்டால் போதும். வெளியே வந்ததும் படிக்கட்டிலேயே நின்று எழுதிவிடுங்கள்: வீட்டு எண், என்ன சொன்னார், யாரைப் பற்றி நல்லவிதமாகச் சொன்னார். இந்த மூன்றாவதுதான் முக்கியம். பத்து வீட்டில் நாலு வீட்டில் ஒரே பெயர் வரும், ‘மூன்றாவது மாடி அக்காதான் அன்றைக்கு ஆம்புலன்ஸ் கூப்பிட்டார்’ என்கிற மாதிரி.

அந்த அக்காவைப் போய்ப் பாருங்கள். முதல் கூட்டம் அவர் வீட்டில் நடக்கட்டும், நீங்கள் டீ போடுங்கள். வீட்டுக்குள் எத்தனை டிகிரி இருக்கிறது என்று காலையும் இரவும் தெர்மாமீட்டரோடு போட்டோ எடுத்துத் தேதி போட்டு வைக்க ஆளுக்கு ஒரு வீடாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அப்புறம் எழுதுங்கள், அடுத்த கட்டத்தைப் பேசுவோம்.